கெருபுகளும் விரிந்த மலர்களும்

நம் இல்லங்களில் உள்ள பழைய செபப்புத்தகங்களைப் புரட்டினால், தாள்களுக்கு இடையே ஒரு சிறு படமேனும் அகப்படாமல் போகாது. புதுநன்மை வாங்கிய நாளின் நினைவாகத் தரப்பட்டதாக அது இருக்கலாம். மறைந்த பாட்டியின் முப்பதாம் நாள் பூசையில் பெற்றதாகவும் இருக்கலாம். ஓரங்களில் சரிகை போல் துளையிட்ட வெள்ளைத் தாள். நடுவே திருக்குடும்பமோ தேவ அன்னையோ. சுற்றிலும் ரோசாவும் லீலியும். அம்மலர்களுக்கு நடுவே கொழுத்த கன்னங்களும் சின்னஞ்சிறு சிறகுகளும் கொண்ட குழந்தைகள். "சம்மனசுகள்" என்று சொல்லிப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம்.

இந்தச் சிறகு முளைத்த குழந்தைகள் யார்? எங்கிருந்து வந்தனர்? மலர்களோடு அவர்களுக்கு என்ன உறவு? ஓவிய வரலாற்றைச் சார்ந்த வினா போல் இது தோன்றும். ஆயினும் நம் கல்லறைத் தோட்டங்களில் கண்ணீரோடு கேட்கப்படும் மற்றொரு வினா இதனுள் அடங்கியிருக்கிறது. ஆகவே சற்றுப் பொறுமையோடு இதன் வரலாற்றைப் பின்தொடர்வது பயனுடையதாகும்.

வாயிற்காவலர்

திருவிவிலியம் காட்டும் கெருபு, கொஞ்சத்தக்க குழந்தையன்று. முதல் பெற்றோர் ஏதேன் தோட்டத்தினின்று வெளியேற்றப்பட்டபின், வாழ்வின் மரத்திற்குச் செல்லும் வழியைக் காக்கக் கெருபுகளும் சுழலும் சுடர்வாளும் அங்கே வைக்கப்பட்டதாகத் தொடக்கநூல் கூறுகிறது (தொநூ 3:24). விவிலியத்தில் கெருபு என்னும் சொல் முதன்முதலாக இடம்பெறுவது இங்கேதான். அதாவது, மூடப்பட்ட வாயிலின் முன்னேதான் நாம் முதலில் கெருபைச் சந்திக்கிறோம்.

பின்னர் உடன்படிக்கைப் பேழையின் மேல் பொன்னால் ஆன இரு கெருபுகள் எதிரெதிராக அமைக்கப்படுகின்றன. அவற்றின் நடுவிலிருந்தே ஆண்டவர் மோசேயோடு பேசுவார் (விப 25:18-22). எசேக்கியேல் கண்ட கெருபுகளுக்கோ நான்கு முகங்கள், நான்கு சிறகுகள், உடன் சுழலும் சக்கரங்கள் (எசே 10). சாலமோன் தம் கோவிலின் உள்தூயகத்தில் ஒலிவ மரத்தால் செய்து நிறுத்திய கெருபுகள் ஒவ்வொன்றும் பத்து முழ உயரம் (1 அர 6:23). ஏறத்தாழ பதினைந்து அடி! செபப்புத்தகப் படத்தில் உள்ள குழந்தையை இவற்றின் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் வேறுபாடு விளங்கும்.

திருச்சபையின் மரபு வானதூதர்களை ஒன்பது அணிகளாக வகுத்தபோது, கெருபுகளுக்கு இரண்டாம் இடத்தை அளித்தது. கெருபு என்பதற்கு அறிவின் நிறைவு என்று பொருள் கண்டனர் நம் முன்னோர். புனித பெரிய கிரகோரியாரும் புனித தோமா அக்குவினாரும் இவ்விளக்கத்தையே பின்பற்றினர். இங்கே நம் தமிழ்க் கத்தோலிக்க மரபின் நுட்பத்தை எண்ணி மகிழலாம். பழைய செபங்களில் செராபின்களைப் பக்திச்சுவாலகர் என்றும், கெருபின்களை ஞானாதிக்கர் என்றும் அழைத்தனர். பக்தியால் சுடர்விட்டு எரிவோர் ஓர் அணியினர். ஞானத்தில் மிக்கோர் மற்றோர் அணியினர். நம் பாட்டிமார் எழுத்தறியாதவர்களாயினும், ஞானாதிக்கர் என்ற சொல்லை வாய்ப்பாடமாக அறிந்திருந்தனர். இன்று சொல் மறைந்தது, படம் எஞ்சியது. படத்திலோ ஞானத்தைக் காணோம், கன்னம்தான் இருக்கிறது.

மலர்களுக்கு வருவோம். கெருபையும் மலரையும் இணைத்தது ஐரோப்பிய ஓவியர் அல்லர். சாலமோனின் கோவிற்சுவர்கள் எங்கும் கெருபுகளும், ஈச்சமரங்களும், விரிந்த மலர்களும் செதுக்கப்பட்டிருந்தன என்று அரசர் நூல் கூறுகிறது (1 அர 6:29). கதவுகளிலும் அவையே. ஏன் இந்த மூன்றும்? கோவில் என்பது இழந்துபோன தோட்டத்தின் நினைவு. உள்ளே மரமும் மலரும் உள்ளன. வாயிலில் கெருபு நிற்கிறது. தூயகத்தை மறைத்த திரையிலும் கெருபுகளே நெய்யப்பட்டிருந்தன (விப 26:31). ஆகவே கெருபுக்குப் பக்கத்தில் மலரைக் காணும்போது, ஏதேனை நினைப்பதே விவிலிய மரபு.

குழந்தை உருவம் வந்த வகை

பத்து முழக் காவலர் எவ்வாறு பால்மணம் மாறாக் குழந்தையானார்? யூதரின் தல்மூதில் ஒரு குறிப்பு உண்டு: கெருபின் முகம் குழந்தையின் முகத்தை ஒத்தது என்று ரபி ஒருவர் சொற்பொருள் கூறினார். ஆயினும் ஐரோப்பிய ஓவியருக்கு வழிகாட்டியவை உரோமரின் பழைய கல்லறைப் பேழைகளே. அவற்றின் பக்கங்களில் காதல் தெய்வத்தின் துணைவராகச் சிறகுள்ள சிறுவர் மலர்மாலைகளைத் தூக்கி நிற்பர். 15ஆம் நூற்றாண்டில் இத்தாலியச் சிற்பி தொனத்தெல்லோவும் அவர் காலத்தவரும் அச்சிறுவர்களைக் கோவிலுக்குள் கொண்டுவந்தனர். வேற்றுச் சமயத்தின் சிறுவர், கிறிஸ்தவ வானதூதர் ஆயினர்.

இவ்வகைக் குழந்தைகளுள் உலகப் புகழ்பெற்ற இருவரை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். ரஃபாயேல் 1512-13 அளவில் பியாசென்சா நகரின் புனித சிக்ஸ்துஸ் ஆலயத்திற்காக வரைந்த தேவ அன்னை படத்தின் அடியில், ஒருவன் கையைத் தாடைக்குக் கொடுத்தும், மற்றவன் கைகளைக் கட்டியும் மேல்நோக்கி இருக்கிறார்களே, அவர்கள்தாம். இப்படம் 1754-இல் செருமானிய நாட்டுத் திரெஸ்தன் நகர் அரண்மனைக்கு விற்கப்பட்டது. செருமானியர் ஒருவர் செப்புத் தகட்டில் இதனை நுணுக்கமாகச் செதுக்கி 1816-இல் முடித்தார். பிற்காலத்தில் அவ்விரு குழந்தைகள் மட்டும் தனியே வெட்டியெடுக்கப்பட்டு, வாழ்த்து அட்டையிலும் நாட்காட்டியிலும் பிஸ்கத்துப் பெட்டியிலும் கூட இடம்பெற்றன. மூலப்படத்தில் அவர்கள் தனியர் அல்லர். தம் மகனை ஏந்தி உலகின்முன் வரும் அன்னையை நோக்கியே அவர்கள் கண்கள் உயர்ந்திருக்கின்றன. அன்னையும் மகனும் நீக்கப்பட்டபின் அவர்கள் எதைப் பார்க்கிறார்கள்? வெற்றுத் தாளின் ஓரத்தைத்தான்.

ரூங்கெயின் நான்கு பொழுதுகள்

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் புனைவியல் என்னும் இயக்கம் தோன்றிற்று. அறிவுவாதத்தின் வறட்சியால் சலித்தவர்கள், குழந்தையிடத்தும் இயற்கையிடத்தும் மறைபொருளைத் தேடினர். இங்கிலாந்தில் கவிஞரும் செதுக்கோவியருமான வில்லியம் பிளேக், 1789-இல் தாமே செப்புத் தகட்டில் பொறித்து வண்ணம் தீட்டி வெளியிட்ட கள்ளமின்மைப் பாடல்களில், விரிந்த பெருமலர் ஒன்றினுள்ளே தாயும் சேயும் அமர, சிறகுடைய உருவம் ஒன்று எதிரே நிற்பதாக வரைந்தார். மலரே தொட்டிலாயிற்று.

கெருபையும் மலரையும் இவ்வியக்கத்தினருள் ஆழ்ந்து சிந்தித்தவர் பிலிப் ஓத்தோ ரூங்கெ என்னும் செருமானியர். 1777-இல் பால்டிக் கடலோரத்து வோல்காஸ்த் என்னும் சிற்றூரில் பிறந்தவர், லூத்தரன் சபையினர். நோயாளிச் சிறுவனாக வீட்டில் கிடந்த நாட்களிலேயே கத்தரிக்கோலால் வெள்ளைத் தாளை மலர் உருவங்களாக வெட்டப் பழகினார். கோபன்ஹேகனிலும் பின்னர் திரெஸ்தனிலும் ஓவியம் பயின்றார். திரெஸ்தனில் ரஃபாயேலின் அந்தத் தேவ அன்னை படத்தின் முன் அவர் நின்றதை மறக்கலாகாது.

ரூங்கெயின் தூய கோட்டுநடைக்கு வழிகாட்டியோருள் ஒருவர் ஆங்கிலச் சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மன். இப்பெயர் தமிழகத்திற்குப் புதிதன்று. தஞ்சையில் மிஷனரி ஷ்வார்ட்ஸ் 1798-இல் மறைந்தபின், அவரைத் தந்தைபோல் போற்றிய சரபோஜி மன்னர் அவர் நினைவாகப் பளிங்குச் சிற்பம் ஒன்றை வடிக்க வேண்டியது இதே ஃபிளாக்ஸ்மனிடம்தான். தஞ்சைச் சிவகங்கைத் தோட்டத்து ஆலயத்தில் அச்சிற்பம் உள்ளது. திரெஸ்தன் ஓவியரின் கையைப் பழக்கிய கோடுகள், வேறு வழியாகக் காவிரிக் கரைக்கும் வந்து சேர்ந்தன.

1802-03ஆம் ஆண்டுகளில் ரூங்கெ காலை, பகல், மாலை, இரவு என்னும் நான்கு படங்களை வரைந்தார். அவை செப்புத் தகடுகளில் செதுக்கப்பட்டு 1805-இல் முதலில் வெளிவந்தன. முதற்பதிப்பு வெறும் 25 படிகள். 1807-இல் 250 படிகள் கொண்ட பதிப்பு வந்தது. காலையில் ஒளி நிறைந்த லீலி மேலெழுகிறது. அதன் இதழ்கள்மேல் குழந்தைகள் தழுவி அமர்ந்திருக்கின்றனர். பகலில் ஒரு தாயைச் சூழ்ந்து மலரும் கனியும் மழலையரும் நிறைகின்றனர். மாலையில் லீலி அமிழ்கிறது. இரவில் கசகசாச் செடியின் மலர்களிடையே உறக்கம் சூழ்கிறது. படங்களைச் சுற்றிய ஓரச் சட்டங்களில் கிறிஸ்தவக் குறியீடுகள் அணி செய்கின்றன. தகட்டில் நிறமில்லை, நிழலும் மிகக் குறைவு, கோடே பேசுகிறது. ரூங்கெ அனுப்பிய இப்படங்களைக் கவிஞர் கோத்தே தம் இல்லத்தின் இசையறையில் மாட்டிவைத்தார்.

இவ்வமைப்பு தமிழருக்கு அயலானதன்று. காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம், வைகறை எனச் சிறுபொழுதை ஆறாக வகுத்து, நிலத்திற்கும் ஒழுக்கத்திற்கும் மலரின் பெயரையே சூட்டியது நம் இலக்கணம். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 மலர்களை அடுக்குகிறார். பொழுதும் மலரும் மனித உள்ளத்தின் மொழி என்பது நாம் நெடுங்காலமாக அறிந்த செய்தி. இறைவனையும் பெரியோரையும் குழந்தையாக்கிப் பருவம் பருவமாகப் பாடும் பிள்ளைத்தமிழும் நம்மிடம் உண்டு. வடமொழியில் சுமனஸ் என்னும் ஒரு சொல் மலரையும் தேவரையும் குறிக்கும்.

ரூங்கெக்கு மலர் வெறும் அணிகலன் அன்று. வீழ்ச்சிக்கு முந்திய தோட்டத்தின் எச்சமாக அதனை அவர் கண்டார். அதனாலேயே அதன் உண்மை வடிவத்தை அறிய விரும்பினார். நீலக் காட்டுமலர் ஒன்றின் இதழடுக்கை வட்டமும் கோணமும் இட்டு, கட்டடக் கலைஞர் வரைபடம் போல் அளந்து வரைந்தார். வண்ணங்களின் உறவை ஒரு கோளத்தில் அமைத்துக் காட்டும் நூலை 1810-இல் வெளியிட்டார். அவருடைய கெருபுக் குழந்தைகள் இனிமையானவர்கள். அவர்களுக்கு அடியிலுள்ள மலரோ அளந்தறியப்பட்டது. ஞானாதிக்கர் என்னும் பெயருக்கு அங்கே இன்னும் இடம் இருந்தது.

அதே ஆண்டு திசம்பர் 2-ஆம் நாள், காசநோயால், 33 வயதில் அவர் காலமானார். மறுநாள் அவர் மனைவி ஒரு மகனைப் பெற்றெடுத்தார். குழந்தைகளையே மலர்மேல் அமர்த்தி வரைந்தவர், தம் கடைசிக் குழந்தையின் முகத்தைக் காணவில்லை.

படம் பெருகியது, பொருள் மெலிந்தது

ரூங்கெ காலத்திலேயே கத்தோலிக்க வட்டத்திலும் ஒரு புத்துணர்வு எழுந்தது. 1809-இல் வியன்னாவில் இளம் ஓவியர் சிலர் புனித லூக்காவின் பெயரால் ஒரு குழுவை அமைத்து, அடுத்த ஆண்டு உரோமைக்குச் சென்று, கைவிடப்பட்ட துறவு மடம் ஒன்றில் தங்கிச் செபமும் ஓவியமுமாய் வாழ்ந்தனர். நசரேயர் எனப் பெயர் பெற்ற இவர்களுள் ஓவர்பெக் என்பவர் 1813-இல் கத்தோலிக்க மறையைத் தழுவினார். இவர்களின் பாணியில் அமைந்த படங்களைச் சிறு அளவில் செதுக்கி, ஏழை எளியோர் கைக்கும் எட்டுமாறு பரப்ப 1840-களின் தொடக்கத்தில் தூசல்தோர்ஃப் நகரில் ஒரு சங்கம் தோன்றியது. பாரிசிலோ, புனித சுல்பீசு ஆலயத்தைச் சுற்றியுள்ள கடைகளில் சரிகைத் தாள் படங்கள் பெருகின. ஐரோப்பிய மறைப்பணியாளர் வழியாக இத்தகைய படங்கள் நம் நாட்டுச் செபப்புத்தகங்களையும் வந்தடைந்தன.

இதே புனைவியல் அலையின் மற்றொரு கிளை, இடைக்காலக் கட்டடக் கலையின்மீது எழுந்த காதல். நம் சாந்தோம் பேராலயம் 1896-இல் கோத்திக் பாணியில் புதுப்பிக்கப்பட்டு அர்ச்சிக்கப்பட்டதும் அதன் தொடர்ச்சியே. அதற்கு ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகள் முந்திய, 1516-ஆம் ஆண்டின் லஸ் பிரகாச மாதா ஆலயத்தையும் சாந்தோமையும் ஒரே நாளில் காண்போர், ஒரே மயிலாப்பூரில் இரு வேறு ஐரோப்பியக் காலங்கள் நிற்பதை உணர்வர்.

படம் எளியவர் கைக்கு வந்தது பெரும் நன்மை. இதில் ஐயமில்லை. திரிதெந்து பொதுச்சங்கம் 1563-இல் கற்பித்தபடி, படத்திற்குச் செய்யும் வணக்கம் அது குறிக்கும் மூலத்தையே சேர்கிறது. ஆனால் மூலம் எது என்பது மறந்துபோனால், வணக்கம் எங்கே போய்ச் சேரும்? நூறு முறை படியெடுக்கப்பட்ட கெருபு, ஒவ்வொரு படியிலும் சற்றே மென்மையாயிற்று, சற்றே பருமனாயிற்று. வாயிலும் வாளும் மறைந்தன. அளந்து வரைந்த லீலி, எந்த நிலத்திலும் முளைக்காத ஒரு பொதுப் பூவாயிற்று. ஆறுதல் தங்கியது, அறிவு போயிற்று.

கதீட்ரல் சாலையின் இரு பக்கங்கள்

இதே காலத்தில் நம் சென்னையில் மலரை வரைந்தவர்கள் இல்லையா? இருந்தனர். அவர்கள் வரைந்த மலர்களின்மேல் கெருபுகள் அமரவில்லை.

நுங்கம்பாக்கத்தில் தோட்டம் அமைத்துத் தாவரங்களை வளர்த்த மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் 1809-இல் மறைந்தார். சிற்பி சான்ட்ரி வடித்த அவருடைய பளிங்குச் சிலை, கதீட்ரல் சாலையில் உள்ள புனித ஜார்ஜ் பேராலயத்தில் இருக்கிறது. அவ்வாலயத்தின் எதிர்ப்புறத்தில் 1835-இல் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் தோன்றியது. அதன் பழைய நிலத்தின் ஒரு பகுதியில்தான் 2010-இல் செம்மொழிப் பூங்கா திறக்கப்பட்டது. ஒரே சாலையின் ஒரு பக்கம் பளிங்கு நினைவுச் சின்னங்கள், மறுபக்கம் மலர்கள்.

அச்சங்கத்திற்காக உழைத்தவருள் ஒருவர் ராபர்ட் வைட் என்னும் மருத்துவர். தென்னிந்தியத் தாவரங்களை ஆராய்ந்து, 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளில், 2101 படங்களைச் சென்னையிலேயே கல்லச்சில் வெளியிட்டார். அப்படங்களை வரைந்தவர்கள் நம் நாட்டு ஓவியர்கள்: முதலில் ரங்கையா, அவருக்குப் பின் கோவிந்து. ஒரு கிளை, அதன் இலை, மொட்டு, மலர். கீழே மலரைப் பிரித்துக் காட்டிய சூலகமும் மகரந்தத் தாளும். ஒரு மூலையில் வரைந்தவர் பெயர். அயலாட்சிக் காலத்தில் இந்திய ஓவியர் பெயரை அச்சிட்டதே அரிது. கோவிந்துவின் பெயரால் ஓர் ஆர்க்கிட் இனத்திற்கே 1853-இல் வைட் பெயர் சூட்டினார்.

ரங்கையா தம் மலர்களை எந்த இறை நினைவோடு வரைந்தார் என்று கேட்பது நம் வேலையன்று. ஆனால் கண்ணெதிரே இருக்கும் மலரை, அது படைக்கப்பட்டவாறே, கூட்டாமலும் குறைக்காமலும் பார்ப்பது ஒருவகை வணக்கமே. காட்டுமலர்ச் செடிகளைக் கவனித்துப் பாருங்கள் என்று நம் ஆண்டவர் கூறியபோது (மத் 6:28), அழகுபடுத்துங்கள் என்று கூறவில்லை, கவனியுங்கள் என்றார். வேப்பேரியில் 1836-இல் இறந்த மிஷனரி ராட்லர், தமிழ் அகராதியும் தொகுத்தார். செடிகளையும் திரட்டி ஆய்ந்தார். சொல்லுக்கும் செடிக்கும் ஒரே உழைப்பைத் தந்தவர் அவர். ஞானாதிக்கர் என்ற பெயரின் சாயலை, சரிகைத் தாளில் உள்ள கன்னங்களைவிட, இத்தகையோரின் பொறுமையில் தெளிவாகக் காணலாம் எனத் தோன்றுகிறது.

சிறிய கல்லறைகள்

இனி நாம் தொடக்கத்தில் குறிப்பிட்ட வினாவுக்கு வருவோம். கல்லறைத் திருநாளன்று குயிபிள் தீவுக் கல்லறைத் தோட்டத்திற்குச் செல்பவர்கள் அறிவர். பெரிய கல்லறைகளுக்கு நடுவே சிறிய கல்லறைகளும் உண்டு. அவற்றின்மேல் சாமந்தியும் ரோசாவும் வைத்து மெழுகுவர்த்தி ஏற்றுவோர் பெரும்பாலும் பேசுவதில்லை. குழந்தையை இழந்த தாயார் பங்குக் குருவிடம் கேட்கும் வினா பெரும்பாலும் ஒன்றே: "என் பிள்ளை சம்மனசாயிட்டானா, சாமி?"

இவ்வாறு நினைக்கத் தூண்டியதில் படங்களுக்கும் பங்குண்டு. திருச்சபையின் பழைய வழிபாட்டு முறையும் அந்த நினைவுக்கு அண்மையில்தான் நின்றது. 1614-ஆம் ஆண்டின் உரோமைச் சடங்கு நூல், திருமுழுக்குப் பெற்று இறந்த குழந்தையின் தலையில் மலர்களாலோ நறுமணத் தழைகளாலோ ஆன முடியைச் சூட்டும்படி கூறியது. துக்கத்தின் கறுப்பு அங்கே இல்லை. குரு வெள்ளை உடை அணிவார். வானதூதர் நினைவுத் திருப்பலியும் ஒப்புக்கொடுக்கப்படும். இத்துணை மலர்களுக்கும் வெண்மைக்கும் நடுவே, பிள்ளை சம்மனசாயிற்று என்று மக்கள் கூறியதில் வியப்பென்ன?

ஆயினும் திருச்சபை அவ்வாறு கற்பித்ததில்லை. மனிதர் இறந்து வானதூதர் ஆவதில்லை. வானதூதர் உடலற்ற தூய ஆவிகள். அவர்கள் பிறப்பதுமில்லை, இறப்பதுமில்லை. உயிர்த்தெழுந்தோர் வானதூதரைப் போல் இருப்பர் என்று ஆண்டவர் கூறினார் (லூக் 20:36). வானதூதராக மாறுவர் என்று கூறவில்லை. சிறியோரைப் பற்றி அவர் கூறியதை நுணுகிப் பார்க்க வேண்டும்: அவர்களுடைய வானதூதர்கள் தந்தையின் முகத்தை எப்பொழுதும் காண்கின்றனர் (மத் 18:10). குழந்தை வேறு, குழந்தைக்குரிய வானதூதர் வேறு.

துயருற்ற தாயிடம் இதையெல்லாம் சொல்லத்தான் வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். ஆறுதலாக இருக்கும் ஒரு நினைவை ஏன் கலைக்க வேண்டும்? அடக்கத்தின்போது யாரும் இறையியல் வகுப்பு நடத்த வேண்டியதில்லை. உடன் நின்று செபித்தல் போதும். ஆனால் நாட்கள் சென்றபின், அத்தாயே உணரும் ஒன்றுண்டு. சம்மனசாகிவிட்ட பிள்ளை தன் பிள்ளையாக இல்லாமல் போய்விடுகிறது. அவளுக்கு வேண்டுவது ஏதோ ஒரு வானதூதர் அன்று. தான் சுமந்த அந்தக் குழந்தை. அதன் பெயர், அதன் முகம், அவள் விரலைப் பற்றிக்கொண்ட அந்தச் சிறு கை. நம் விசுவாசம் அவளுக்கு வாக்களிப்பது அதையே: உடலின் உத்தானம். பிள்ளை பிள்ளையாகவே இறைவனிடம் இருக்கிறது, உடலோடு உயிர்த்தெழும். படம் தரும் ஆறுதலைவிட விசுவாசம் தரும் ஆறுதல் பெரிது.

திருமுழுக்குக்கு முன்னே இறந்த குழந்தைகளைப் பற்றியும் ஒரு சொல். முற்காலத்தில் அத்தகைய பெற்றோர் சுமந்த கூடுதல் துயரம் சிறிதன்று. 1992-இல் வெளியிடப்பட்ட கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், அக்குழந்தைகளை இறைவனின் இரக்கத்தில் ஒப்படைத்து, சிறுபிள்ளைகளைத் தம்மிடம் வரவிடச் சொன்ன இயேசுவின் கனிவை நினைவூட்டுகிறது (எண் 1261). உரோமையின் அனைத்துலக இறையியல் குழு 2007-இல் வெளியிட்ட ஏடும், அவர்கள் மீட்படைவார்கள் என நம்புவதற்கு உறுதியான அடிப்படைகள் உள்ளன என்று கூறியது. இச்செய்தி இன்னும் பல வீடுகளை எட்டவில்லை. எட்டச் செய்வது நம் கடமை.

தோட்டத்தில் இருவர்

அப்படியானால் சிறு கல்லறைமேல் செதுக்கிய கெருபை என்ன செய்வது? அகற்ற வேண்டியதில்லை. யாரைக் குறிக்கிறது என்று அறிந்தால் போதும். அது இறந்த குழந்தையின் உருவம் அன்று, ஏதேனின் வாயிற்காவலர்.

ஆண்டவர் சிலுவையில் உயிர்விட்டபோது, கோவிலின் திரை மேலிருந்து கீழ்வரை இரண்டாகக் கிழிந்தது (மத் 27:51). கெருபுகள் நெய்த திரை மரபின்படி தொங்கிய இடம் அது. பின்னர் அவரை அடக்கம் செய்த இடத்தில் ஒரு தோட்டம் இருந்தது என்று புனித யோவான் குறிக்கத் தவறவில்லை (யோவா 19:41). வாரத்தின் முதல் நாள் மகதலா மரியா அங்கே குனிந்து பார்த்தபோது, இயேசுவின் உடல் வைத்திருந்த இடத்தில் தலைமாட்டில் ஒருவரும் கால்மாட்டில் ஒருவருமாக இரு வானதூதர் அமர்ந்திருந்தனர் (யோவா 20:12). பேழையின் இரு முனைகளிலும் எதிரெதிரே இருந்த பொற்கெருபுகளை இது நினைவூட்டவில்லையா? ஆனால் இங்கே சுடர்வாள் இல்லை. வழியை மறிப்பாரும் இல்லை. மரியா திரும்பிப் பார்த்து, நிற்பவரைத் தோட்டக்காரர் என்று எண்ணினார். அதிலும் ஓர் உண்மை இருந்தது.

ரூங்கெயும் பிளேக்கும் கெருபைக் குழந்தையாக்கி மலரில் அமர்த்தியபோது, வாள் விலகிய இத்தோட்டத்தையே தேடினர் என்று கொள்ளலாம். அவர்கள் தேடியது சரி. அவர்களுக்குப் பின் வந்த படக்கடைகள், வாயில் ஒன்று இருந்ததையும், அதைத் திறந்தவர் தந்த விலையையும் மறந்தன. மூடிய வாயிலை அறியாதவர்க்குத் திறந்த வாயிலின் மகிழ்ச்சி விளங்காது.

அந்த விலையை மறவாத மலர் ஒன்று நம் ஊரிலேயே உண்டு. பரங்கிமலையில் 1547-இல் போர்த்துக்கீசியர் ஆலயத்திற்காக நிலத்தைத் தோண்டியபோது கிடைத்த கற்சிலுவை, அவர்கள் வருகைக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது. சுற்றிலும் பகலவி எழுத்துகள். மேலே இறங்கிவரும் புறா. சிலுவையின் கரங்கள் முனைகளில் மொட்டுகளாக விரிகின்றன. அடியில் இலைகள் தழைக்கின்றன. அதில் அறையுண்ட உருவமில்லை. சிறகுக் குழந்தைகளும் இல்லை. வெட்டப்பட்ட மரம் பூத்திருக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்த நவம்பர் இரண்டாம் நாள் சிறு கல்லறை ஒன்றன்மேல் மலர் வைக்கும் பெற்றோர், அம்மலர் எந்தத் தோட்டத்தைச் சேர்ந்தது என்பதை நினைத்துக்கொள்வார்களாக. கல்லில் செதுக்கிய கெருபு காவல் நிற்கட்டும். குழந்தையின் பெயரைச் சொல்லியே செபியுங்கள். வாயிலைத் திறந்தவர் அப்பெயரை அறிவார்.